பேரனுக்குப் பங்கில்லை என்று குர்ஆனில் எங்கே இருக்கிறது?

பழைய வண்ணைப் பேரன்:

அஸ்ஸலாமு அலைக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தாவுக்கு ஒரு வீடு. முன்பக்கம் கடை, பின்னால் இரண்டு போர்ஷன், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, அவ்வளவுதான் சொத்து. தாத்தா போன ரமலானுக்கு முன்னால் மவுத்தாகிவிட்டார். எங்கள் அத்தா (தகப்பனார்) அவருக்கும் முன்பே, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். இப்போது இருப்பவர்கள் பாட்டி, இரண்டு சின்னத்தா (அத்தாவின் தம்பிகள்), ஒரு குப்பி (அத்தாவின் சகோதரி), அப்புறம் நானும் தங்கச்சியும்.

பங்கு பேச உட்கார்ந்த அன்று மூத்த சின்னத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார். "அண்ணன் முன்னாடியே போயிட்டதால இவங்களுக்குப் பங்கு வராது, நான் சொல்லல, குர்ஆன்லயே இருக்கு." கூட இருந்த ஜமாஅத் பெரியவர்களும் தலையாட்டினார்கள். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார், யாரும் கூப்பிடவில்லை.

அன்றைக்கு ராத்திரியே குர்ஆன் தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) எடுத்து சூரத்துன் நிஸா அத்தியாயத்தில் பங்கு பற்றி வரும் 11, 12, கடைசியில் 176 வசனங்கள் எல்லாவற்றையும் படித்தேன். மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள், தாய், தகப்பன், கணவன், மனைவி, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பேரன் கிடைப்பான் என்றும் இல்லை, கிடைக்கமாட்டான் என்றும் இல்லை. அப்படியானால் பங்கில்லை என்று சொன்னது யார்? அல்லாஹ்வா, ரசூலுல்லாஹ்வா, இமாம்களா, கோர்ட்டா, இல்லை சின்னத்தாவா? சண்டைக்காகக் கேட்கவில்லை. சொன்னது யார் என்று தெரிந்தால்தானே வாயை மூடிக்கொள்வதா, மறுபடி பேசுவதா என்று எனக்குத் தெரியும். நாங்கள் ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), அம்மா வீடு கீழக்கரை, அவர்கள் ஷாஃபிஈ. அதனால் ஏதாவது மாறுமா?

ஸ்டான்லி எதிரில்:

வ அலைக்கும் ஸலாம். பங்கு வராது தம்பி, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆயிற்று. இதையெல்லாம் ஹஜ்ரத்திடம் (மார்க்கம் ஓதியவரிடம்) கேளுங்கள், இங்கே கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மண்ணடி கிதாபுக்கடை:

ஹஜ்ரத்தைக் கேட்பது நல்லதுதான். ஆனால் அவரும் எங்கிருந்தோ எடுத்துத்தான் சொல்வார், தம்பி கேட்பது அந்த 'எங்கிருந்து' என்பதைத்தான். நான் ஆலிம் இல்லை, கிதாபு விற்கிறவன், சின்ன வயதில் கொஞ்சம் ஓதினேன், அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

உங்கள் சின்னத்தா சொன்ன முடிவு சரி, முகவரி தப்பு. நீங்கள் படித்தது சரிதான், அந்த வசனங்களில் உங்கள் மஸ்அலா (சட்டக் கேள்வி) நேராக இல்லை. அது ஹதீஸிலிருந்து, அதாவது நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பிலிருந்து வருகிறது. இப்னு அப்பாஸ் அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது: குறிப்பிட்ட பங்குகளை அதற்குரியவர்களிடம் சேர்த்துவிடுங்கள், மிச்சம் இருப்பது மிக நெருங்கிய ஆணுக்கு. மகன் உயிரோடு இருக்கும்போது பேரனைவிட மகன் நெருக்கம், அதனால் மிச்சம் மகனோடு நின்றுவிடுகிறது. இதை இன்னும் உடைத்துச் சொன்னவர் ஸைத் இப்னு ஸாபித். நபியவர்களுக்கு வஹீ (இறைச் செய்தி) எழுதியவர், முதல் கலீஃபா அபூபக்ர் காலத்தில் குர்ஆனை ஒன்றுசேர்த்தவர், பாகப் பிரிவினையில் ஸஹாபாக்களுக்குள்ளேயே (நபித்தோழர்களுக்குள்ளேயே) பெயர் போனவர். மகன் இல்லாதபோது மகனின் பிள்ளைகள் மகன் இடத்தில் நிற்பார்கள், மகன் இருந்தால் பேரனுக்கு வாரிசுப் பங்கு கிடையாது என்று அவர் சொன்னதை புகாரி தம் கிதாபில் பாகப் பிரிவினைப் பகுதியில் எடுத்துப் போட்டிருக்கிறார். கவனியுங்கள், அது ஸைத் சொன்ன சொல், நபி சொன்னதாக அங்கே வரவில்லை. அதற்கப்புறம் வந்த இமாம்கள் எல்லோரும் அதிலேயே ஒத்துப்போனார்கள், அது இஜ்மா, ஒருமித்த முடிவு. ஹனஃபி, ஷாஃபிஈ வித்தியாசம் உங்கள் விஷயத்தில் இல்லை.

வேறு விஷயத்தில் உண்டு, சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இரண்டாம் கலீஃபா உமர் காலத்தில் ஒரு பெண் இறந்துபோனார். கணவன், தாய், தாய் மட்டும் ஒன்றான சகோதரர்கள், தாயும் தகப்பனும் ஒன்றான சகோதரர்கள். கணவனுக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று, கணக்கு அத்தோடு முடிந்தது. சொந்தக் கூடப்பிறந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. உமர் முதலில் அப்படியே தீர்ப்புச் சொன்னார். பிறகு இதேபோல் இன்னொரு வழக்கு வந்தபோது அந்தச் சகோதரர்கள், எங்கள் தகப்பன் கழுதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கும் தாய் ஒருத்திதானே என்று கேட்டார்கள். உமர் மாற்றிச் சொன்னார், மூன்றில் ஒன்றை எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்றார். முன்னால் வேறு மாதிரி சொன்னீர்களே என்றதற்கு, அது அன்றைக்குத் தீர்த்தபடி, இது இன்றைக்குத் தீர்த்தபடி என்று பதில் சொன்னார். ஹனஃபிகள் முதல் தீர்ப்பையும் ஷாஃபிஈகள் இரண்டாவதையும் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கழுதை மஸ்அலா என்றே மதரஸாவில் பெயர்.

ஆக 'மார்க்கத்தில் இருக்கு' என்பது ஒரே அடுக்கு இல்லை. குர்ஆன், ஹதீஸ், இஜ்மா, கியாஸ் (ஒப்பிட்டு முடிவெடுப்பது) என்று நான்கைச் சொல்வார்கள். ஹிஜ்ரி 204-ல் எகிப்தில் மவுத்தான இமாம் ஷாஃபிஈதான் இந்த வரிசையை உட்கார்ந்து எழுத்தில் ஒழுங்கு பண்ணியவர். கடைக்கு வந்தால் ஒரு பழைய ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) கிதாபைத் திறந்து காட்டுகிறேன். நடுவில் அடைப்புக்குள் மூல வாசகம் நாலு வார்த்தை, அதைச் சுற்றி விளக்கம் அரைப் பக்கம், ஓரத்தில் சாய்வாக அந்த விளக்கத்துக்கு ஒரு குறிப்பு, அதற்குக் கீழே யாரோ ஒரு ஹஜ்ரத் ஓதும்போது பென்சிலில் எழுதிய சந்தேகம். ஆயிரம் வருஷத்துப் பேச்சு ஒரே பக்கத்தில் நடந்துகொண்டிருக்கும். அதில் எந்த வரி யாருடையது என்று பிரித்துப் படிக்கத்தான் ஏழு வருஷம் ஓதுகிறார்கள்.

பனைமரத்தொட்டி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் கிறிஸ்தவன், ராயபுரம். படிக்கச் சுவாரசியமாக இருப்பதால் கேட்கிறேன். எங்களுக்கு ஒரு சிக்கல் என்றால் பங்குச் சாமியார், மேலே பேராயர், அதற்கும் மேலே ரோம் என்று ஒரு முடிவு இருக்கிறது, பிடிக்கிறதோ இல்லையோ. உங்களில் கடைசி வார்த்தை யாருடையது? பெருநாளுக்குப் பிறை அறிவிக்கிறாரே தலைமை காஜி, அவரா?

மண்ணடி கிதாபுக்கடை:

மன்னிப்பெல்லாம் எதற்கு அண்ணே, நல்ல கேள்வி. அப்படி ஒருவர் இல்லை. தலைமை காஜி அரசாங்கம் நியமிப்பவர். 1880-ல் வெள்ளைக்காரன் போட்ட காஜிகள் சட்டத்திலேயே இந்த நியமனத்தால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எதுவும் வராது என்று எழுதி வைத்திருக்கிறான். (ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் பக்கம் ஷியா நண்பர்களைக் கேட்டால் மர்ஜா (அவர்கள் பின்பற்றும் மூத்த அறிஞர்) என்று வேறு ஏற்பாடு சொல்வார்கள், நான் சொல்வது சுன்னிகளுக்கு.) எங்களில் ஒருவர் பேச்சுக்கு மதிப்பு வருவது பதவியால் இல்லை, அவர் யாரிடம் ஓதினார், அவருடைய உஸ்தாத் (ஆசிரியர்) யாரிடம் ஓதினார் என்ற சங்கிலியால். வேலூர் பாக்கியாத் மதரஸாவில் பட்டம் வாங்கினால் பாகவி, நம்ம பெரம்பூர் ஜமாலியாவில் வாங்கினால் ஜமாலி என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது அதற்குத்தான். அப்படிப்பட்ட ஒரு முஃப்தி ஃபத்வா (மார்க்கத் தீர்வு) கொடுத்தாலும் அது அவர் ஆராய்ந்த கருத்து. அடுத்த தெரு முஃப்தி மாற்றிச் சொல்லலாம், சொல்கிறார்கள்.

முஆத் என்ற ஸஹாபியை யமனுக்கு அனுப்பும்போது, எதைக்கொண்டு தீர்ப்புச் சொல்வாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் வேதம். அதில் இல்லாவிட்டால்? அல்லாஹ்வின் தூதர் வழி. அதிலும் இல்லாவிட்டால்? என் அறிவைக் கொண்டு முயல்வேன். எங்கள் மதரஸாக்களில் இந்தப் பாடத்துக்கு இதுதான் வாசல்.

ஆதாரம் எங்கே:

அந்த முஆத் ஹதீஸைப் பதிவு செய்த திர்மிதியே அதன் கீழே, என்னிடம் இதன் அறிவிப்பாளர் தொடர் அறுபடாமல் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதைச் சொல்லாமல் வாசல், ஜன்னல் என்று பேசுவது எப்படி? இதுதான் பிரச்சினையே. குர்ஆனும் ஸஹீஹான (நம்பகமான) ஹதீஸும் போதும். பேரன் விஷயத்துக்கு இப்னு அப்பாஸ் ஹதீஸ் ஆதாரம், அத்தோடு முடிந்தது, நடுவில் ஹனஃபி என்ன சொன்னார், ஷாஃபிஈ என்ன சொன்னார் என்று எதற்கு? "என் சொல்லுக்கு மாற்றமாக ஸஹீஹான ஹதீஸ் கிடைத்தால் அதுதான் என் மத்ஹப்" என்ற கருத்தை ஷாஃபிஈ இமாமே சொல்லியிருக்கிறார்.

மண்ணடி கிதாபுக்கடை:

திர்மிதி சொன்னது உண்மைதான். உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) வாழையடி வாழையாக ஏற்றுக்கொண்டதால் அது போதும் என்றவர்களும் உண்டு, விடுங்கள். ஆனால் தம்பி, 'நெருங்கிய ஆண்' என்பதில் மகனா, பேரனா, இறந்தவரின் தம்பியா, தகப்பனா என்று வரிசை போட்டது யார்? ஹதீஸில் வரிசை இல்லை. ஒரு பாட்டி அபூபக்ரிடம் வந்து பேரன் சொத்தில் பங்கு கேட்டார். அல்லாஹ்வின் வேதத்தில் உனக்கு ஒன்றும் இல்லை, ரசூலுல்லாஹ் உனக்கு ஏதும் வைத்ததாக எனக்குத் தெரியாது, போய்விட்டு வா, மக்களைக் கேட்கிறேன் என்றார். முகீரா எழுந்து, நபியவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒன்று கொடுத்தபோது நான் இருந்தேன் என்றார். உன்னோடு வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டு, முஹம்மத் இப்னு மஸ்லமாவும் அதையே சொன்ன பிறகுதான் அபூபக்ர் கொடுத்தார். முவத்தா என்ற ஹதீஸ் கிதாபில் இருக்கிறது, திர்மிதியிலும் இருக்கிறது. கலீஃபாவுக்கே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்த விஷயம் இது. நமக்கு மொழிபெயர்ப்பு ஒன்று கையில் கிடைத்ததும் எல்லாம் முடிந்ததா?

ஆதாரம் எங்கே:

அபூபக்ர் ஆதாரம் கேட்டார், சாட்சியும் கேட்டார், இல்லையா? அதைத்தான் நானும் சொல்கிறேன் பாய்.

தண்டையார்பேட்டை தங்கை:

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள், பையன் வீட்டு விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதில் அனுபவம் உண்டு, என் பிள்ளைகளும் இப்படித்தான் நின்றார்கள்.

நிஸா 11-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மூன்று வசனம் முன்னால் 8 இருக்கிறது, அதைப் பங்கு பேசுகிற சபையில் யாராவது ஓதிக் கேட்டிருக்கிறீர்களா? பாகம் பிரிக்கும் இடத்தில் உறவினர்களும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள், அவர்களிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்று வருகிறது. உறவும் அநாதையும் ஒரே ஆளாக எதிரில் உட்கார்ந்திருக்கும்போது 'உனக்கு வராது' என்பதா நல்ல வார்த்தை? கட்டாயமில்லை, விரும்பத்தக்கதுதான் என்று பெரும்பாலான உலமாக்கள் சொல்வார்கள், தெரியும். விரும்பத்தக்கது என்பதற்குச் செய்யவே வேண்டாம் என்றா அர்த்தம்?

அப்புறம் குர்ஆனில் பகரா அத்தியாயம் 180: மரணம் நெருங்கும்போது தாய் தகப்பனுக்கும் நெருங்கிய உறவுகளுக்கும் வஸிய்யத் (உயில்) செய்வது விதி. பங்கு வசனங்கள் இறங்கியபின் அது மாற்றப்பட்டுவிட்டது என்பது பெரும்பான்மைக் கருத்து. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்று ஹதீஸும் இருக்கிறது. சரி, ஆனால் பேரன்தான் வாரிசே இல்லை என்கிறீர்களே, அப்போது அந்த ஹதீஸ் அவனைத் தடுக்காதே! வாரிசாக வராத நெருங்கிய உறவுக்கு வஸிய்யத் இன்றைக்கும் கடமை என்று ஸ்பெயினில் இருந்த இப்னு ஹஸ்ம் சொல்லியிருக்கிறார். எகிப்தில் 1946-ல் சட்டமே போட்டார்கள்: தாத்தா எழுதாமல் போனாலும், முன்னால் இறந்த பிள்ளையின் பிள்ளைகளுக்கு, அவர்களின் தகப்பனோ தாயோ இருந்திருந்தால் கிடைத்திருக்கும் அளவு, மூன்றில் ஒன்றுக்கு மேல் போகாமல், வஸிய்யத்தாகக் கணக்கில் வரும். பாகிஸ்தானில் 1961-ல் வேறு வழியில் போய், பேரப்பிள்ளைகள் தகப்பன் பங்கையே எடுப்பார்கள் என்று வைத்தார்கள், அதற்கு அங்குள்ள உலமாக்கள் இன்றுவரை எதிர்ப்பு. எகிப்துக்காரர்கள் செய்தது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது, பங்கு வசனத்தைத் தொடவே இல்லை.

இந்தியாவில் இரண்டும் இல்லை. அதனால்தான் தாத்தாக்கள் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர்கள் ஞாபகப்படுத்த வேண்டும். வஸிய்யத் செய்ய ஏதாவது இருக்கிற முஸ்லிம் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிக்கக்கூடாது என்று புகாரியில் இருக்கிறது. எங்கள் மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு கரண்ட் பில் எல்லாம் தேதி வாரியாக ஃபைல் பண்ணி வைப்பார், இதை மட்டும் எழுதவில்லை.

பாரிமுனை குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். கோர்ட் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

1937 ஷரீஅத் சட்டம் ரொம்பச் சின்னது. முஸ்லிம்களுக்கு வாரிசுரிமை ஷரீஅத்படி என்கிறதே தவிர, ஷரீஅத் என்றால் என்ன என்று உள்ளே ஒரு வரிகூட இல்லை. விவசாய நிலத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், நம் மாகாணத்தில் 1949-ல் அதையும் சேர்த்துவிட்டார்கள். எனவே ஜட்ஜ் எதைப் பார்ப்பார் என்றால் ஹிதாயா, ஆலம்கீரி, ஸிராஜிய்யா, அதாவது வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலத்தில் போட்ட ஹனஃபி கிதாபுகள், அப்புறம் அவற்றை வைத்து வந்த பழைய தீர்ப்புகள். ஸிராஜிய்யா பாகப் பிரிவினைக்கென்றே எழுதியது, 1792-லேயே வில்லியம் ஜோன்ஸ் பெயர்த்துவிட்டார். நேராகக் குர்ஆனைத் திறந்து நானே அர்த்தம் சொல்கிறேன் என்று ஜட்ஜ் கிளம்பக்கூடாது, பழைய உரையாசிரியர்கள் தெளிவாகச் சொன்னதற்கு எதிராகப் போகக்கூடாது என்று 1897-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லி வைத்தது. தம்பி தர்ஜமாவைக் காட்டி வாதாடினால் எடுபடாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபத்வாவுக்குச் சட்ட பலம் கிடையாது, யார்மேலும் திணிக்க முடியாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, ஆகவே ஜமாஅத்தில் யார் தலையாட்டினார்கள் என்பதும் கணக்கில் வராது.

நீங்கள் சொன்ன ஆட்களை வைத்துப் பார்த்தால், கடன் எல்லாம் போக சொத்தை 40 பங்காக்கினால் பாட்டிக்கு 5, சின்னத்தாக்களுக்கு ஆளுக்கு 14, குப்பிக்கு 7. உங்களுக்கும் தங்கச்சிக்கும் வாரிசாக இல்லை. அவர்கள் மனமுவந்து கொடுத்தால் கொடுக்கலாம், செட்டில்மென்ட் பத்திரம் போட்டு ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்ளுங்கள். தாத்தா ஏதாவது எழுதியோ சொல்லியோ வைத்திருக்கிறாரா?

பழைய வண்ணைப் பேரன்:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹ். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. சின்னத்தா பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததே ஒரு விதத்தில் நிம்மதி. எழுதியது எதுவும் இல்லை. ஆனால் தாத்தா படுத்த படுக்கையாவதற்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிவாசல் முஅத்தினும் (பாங்கு சொல்பவர்) எதிர்வீட்டுப் பெரியவரும் பார்க்க வந்திருந்தபோது, "மாடி ரூம் எனக்கப்புறம் இந்த ரெண்டு புள்ளைங்களுக்கு" என்று சொன்னார். அம்மா அப்போது டீ கொடுத்துக்கொண்டிருந்தார், நானும் இருந்தேன். வாய்ப்பேச்சுதானே என்று நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மண்ணடி கிதாபுக்கடை:

அல்லாஹு அக்பர், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! குர்ஆனில் மாயிதா அத்தியாயம் 106-ஐப் பாருங்கள், வஸிய்யத் செய்யும்போது நேர்மையான இரண்டு பேர் சாட்சி என்று வருகிறது. மூன்றில் ஒன்று என்ற அளவு மட்டும் குர்ஆனில் கிடையாது, அது ஸஅத் இப்னு அபீ வக்காஸ் என்ற ஸஹாபி நோயில் படுத்திருந்தபோது மூன்றில் இரண்டா, பாதியா என்று கேட்டதற்கு, மூன்றில் ஒன்று, அதுவே அதிகம் என்று நபியவர்கள் சொன்னதிலிருந்து வந்தது. மாடி அறை மொத்தத்தில் மூன்றில் ஒன்றுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள், அடங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆதாரம் எங்கே:

இதில் எனக்கும் மறுப்பு இல்லை. பங்கு பிரிப்பதே வஸிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகுதான் என்று 11, 12 இரண்டு வசனத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சின்னத்தாவிடம் காட்டுங்கள், அதுதான் உண்மையிலேயே குர்ஆனில் இருக்கிறது.

பாரிமுனை குமாஸ்தா:

சட்டப்படியும் முஸ்லிம் வஸிய்யத் வாயால் சொன்னாலே செல்லும், எழுத்து வேண்டியதில்லை. நிரூபிக்கிற பாரம் மட்டும் கனம், என்ன சொன்னார், எப்போது, யார் முன்னால் என்று துல்லியமாக வேண்டும். தாத்தா 'இப்போதே கொடுத்துவிட்டேன்' என்று சொல்லியிருந்தால் அது ஹிபா (தானம்), சாவியையோ அனுபவத்தையோ உங்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும், ஒப்படைக்கவில்லை என்றால் நிற்காது. 'எனக்கப்புறம்' என்றதால்தான் இது வஸிய்யத். முஅத்தினையும் எதிர்வீட்டுக்காரரையும் தனித்தனியாகப் பார்த்து, அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், நீங்கள் எழுதிக்கொண்டு போய் நீட்டாதீர்கள். பெரியவருக்கு வயசாகியிருந்தால் அவரை முதலில் பாருங்கள். அந்த மூன்றில் ஒன்றைக் கடன் கழித்துத்தான் போடுவார்கள், பாட்டிக்கு மஹர் (கணவன் தரவேண்டிய மணக்கொடை) பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான், ஜமாஅத்தில் நிகாஹ் தஃப்தரைக் (திருமணப் பதிவேட்டை) கேட்டுப் பார்த்துவிடுங்கள். கோர்ட்டுக்குப் போவதை இப்போதைக்கு வாயில் எடுக்க வேண்டாம், குப்பியிடம் முதலில் பேசுங்கள்.